ஜெனரலும் வலப்பக்க மூங்கிலும்

பாக்காவ் ஊரில் படகு கட்டும் புளோரோவுக்கு எங்கள் தாலிசாய் ஊர்த் திவோ மூவாயிரம் பெசோ கடன்பட்டிருந்தான். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சாட்சியும் கிடையாது. திவோவின் மூத்த மகளுக்குப் புளோரோ ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடித்தவன் அன்றிலிருந்து அந்த வீட்டுக்குப் 'பாரே' ஆகிவிடுவான்; அவனுக்கும் குழந்தையின் அப்பன் 'பாரே', அம்மா 'மாரே'. பாரேயிடம் போய்ப் பணம் கேட்டால், இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் வாய் வராது. எங்கள் கரையில் பாதிக் குடும்பங்கள் இந்த இரண்டு வாய் வராமையில்தான் பிழைத்துக்கொண்டிருக்கின்றன.

கடன் வாங்கியது மூங்கிலுக்கு. எங்கள் பாய்ப்படகு நடுவில் ஒல்லியான தோணி. கனத்த ஆள் உட்கார்ந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் இடிக்கும். அதை அப்படியே தண்ணீரில் விட்டால் தும்மினாலே கவிழ்ந்துவிடும். அதனால் குறுக்கே இரண்டு கைமரங்களை வைத்துக் கட்டி, அவற்றின் நுனியில் பக்கத்துக்கு ஒன்றாகத் தடித்த மூங்கிலைப் படகின் நீளத்துக்குப் பிணைத்துவிடுவோம். காற்று ஒரு பக்கத்திலிருந்து தள்ளினால் மறுபக்கத்து மூங்கில் தண்ணீரில் அழுந்திப் படகைத் தாங்கிக்கொள்ளும். இப்படி ஒரு படகை உலகத்தில் வேறு யாராவது கண்டுபிடித்திருந்தால் எங்களைப் பார்த்துத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்த மூங்கிலை இருட்டுப் பட்சத்தில் வெட்ட வேண்டும். நிலவில் வெட்டினால் வண்டு துளைக்கும். இருட்டில் வெட்டியதையும் நாலு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். இதெல்லாம் தாலிசாய் ஊரில் பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரியும். திவோவுக்கும் தெரியும்.

தெரிந்தவன்தான். தாலிசாயில் அவனைப் போலத் தானாக எழுந்து நின்றவன் குறைவு. அப்பன் விட்டுப்போன சொத்து ஒரு வலையும் அதில் இருந்த ஓட்டைகளும். பிறர் படகில் கூலிக்குத் துடுப்புப் போட்டான். பிறகு, வெள்ளத்தில் அடித்துவந்து கரையொதுங்கிய மரத்தை நாலு பேர் விறகுக்கு வெட்டப் போன நேரத்தில் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றான். அதைத் தானே குடைந்து படகாக்கினான். காற்றோடு போட்டி என்றால் பாயைச் சுருக்கவே மாட்டான். கைமரத்தின் நுனிவரை நடந்துபோய், ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சுருட்டுப் பிடிப்பான். தன் மூங்கில் முறியும் நாளில் கடல் வற்றிப்போகும் என்று கள்ளுக்கடையில் சொல்வது அவன் வழக்கம். அதைச் சொல்லும்போது யாரும் சிரிக்கக் கூடாது.

புளோரோவிடம் வாங்கிய மூவாயிரத்தோடு அவன் நேராக மூங்கில் தோப்புக்குத்தான் கிளம்பினான். வழியில் சேவல் சண்டைக் களம் இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் வழியில் சேவல் சண்டைக் களம் இருப்பது எங்கள் பக்கத்துப் பூகோளம். அங்கே ஒருவன் கறுப்பும் சிவப்புமாக ஒரு சேவலை விற்றுக்கொண்டிருந்தான். அதன் பெயர் ஜெனரல். ஆயிரத்தைக் கொடுத்து வாங்கினான். மீதியை, நாலு நாள் கழித்து நடந்த ஜெனரலின் முதல் சண்டையில் ஜெனரல்மேலேயே கட்டினான். ஜெனரல் களத்தில் இறங்கி, எதிரியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து, திரும்பி வாசலைப் பார்த்தது. அதோடு சரி. தோற்ற சேவல் ஜெயித்தவன் வீட்டுச் சட்டிக்குப் போக வேண்டும் என்பது களத்தின் சட்டம். அதனால் திவோவுக்குக் குழம்புகூட மிஞ்சவில்லை.

அவன் மனைவி செப்பா அந்த வாரம் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். திவோ ஒரு டப்பா நீலப் பெயிண்ட் வாங்கிப் பழைய மூங்கில் இரண்டையும் புதிதுபோல மினுக்கிவிட்டான். திரும்பி வந்தவளிடம், ஞானமகளின் அப்பன் என்பதற்காகப் பாரே சும்மா கொடுத்த மூங்கில் என்று சொன்னான். ஒரு பொய்க்கு இவ்வளவு போதாதா? பாரேயின் பெருந்தன்மையைப் பற்றி வேறு சாப்பாட்டுத் தட்டு காயும்வரை பேசினான். செப்பா உருகிப்போய், அடுத்த திருநாளுக்குப் பாரே வீட்டுக்கு ஒரு பன்றிக்குட்டி கொண்டுபோக வேண்டும் என்றாள்.

அன்றிலிருந்து திவோ பாக்காவ் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. படகு கட்டுபவன் மூங்கிலை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினால் அதன் வயதைச் சொல்லிவிடுவான். பாக்காவ் சந்தையில் மீனுக்கு நல்ல விலை. இருந்தும் அங்கே தராசு சரியில்லை என்றான். அந்தக் கரையைக் கடக்கும்போது கோயில் கோபுரம் குச்சியாகத் தெரியும் தூரத்துக்கு விலகிப் போனான். ஒவ்வொரு திருநாளுக்கும் செப்பா கிளம்பும்போது அவனுக்கு வயிற்றை வலித்தது. மூன்று திருநாளுக்கும் ஒரே வயிறு, ஒரே வலி.

அதற்குள் தாலிசாயில் எல்லோரும் எஞ்சின் வாங்கிவிட்டார்கள். எஞ்சின் வைத்தவன் ஆண்பிள்ளையா, காற்றோடு பேசத் தெரியாதவன்தான் எண்ணெயோடு பேசுவான் என்று திவோ ஏளனம் செய்தான். ஆனால் காற்று விழுந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பகல் சாப்பாட்டுக்கு வந்துவிட, இவன் பொழுது சாய்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தான். முதுகு வலித்தது. இது மெய்யான வலி. செப்பா கருவாடு விற்றும் பன்றி வளர்த்தும் மூவாயிரத்து ஐந்நூறு பெசோ சேர்த்தாள். எதிர்க்கரையான குயிமாராஸ் தீவில் ஒருவன் பழைய எஞ்சின் ஒன்றை அந்த விலைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தான்.

பணம் திவோவின் கையில் தரப்படவில்லை. குயிமாராஸிலும் சேவல் களம் இருக்கிறது. செப்பா பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு தானும் படகில் ஏறினாள். அவள் உடம்பு கனம். திவோ அதைக் குறையாக நினைத்ததே இல்லை. காற்றடிக்கும் நாளில் கைமரத்தில் உட்கார்த்தி வைக்க அவளைவிட நல்ல பாரம் அந்தக் கரையில் கிடையாது.

வாடைக்காற்று இடப்பக்கத்திலிருந்து அடித்தது. செப்பா இடது கைமரத்தின்மேல் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டாள். வலப்பக்க மூங்கில் அழுந்தி நுரையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. திவோ சுருட்டைப் பற்றவைத்து, எஞ்சின் வந்தாலும் பாயை விற்க மாட்டேன், பாய் இருந்தால்தான் கடலுக்கு மரியாதை என்று தொடங்கினான்.

நடுக்கடலில் அலை ஒன்று சற்றுப் பெரிதாக வந்தது. அப்பளத்தை ஒடித்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது. வலப்பக்க மூங்கிலின் பின்பாதி தனியாகப் பிரிந்து குயிமாராஸ் பார்த்துப் போனது. அவர்களைவிட அதற்கு அவசரம்.

படகு வலப்பக்கம் சாய்ந்தது. வேறு யாராவது இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அப்படியே கவிழ்ந்திருக்கும். செப்பா புனிதர்கள் எல்லோரையும் கூப்பிட்டாளே தவிர உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. திவோ சுருட்டைத் துப்பிவிட்டுப் பாய்க்கயிற்றை விட்டான். பாய் படபடத்தது, படகு நிமிர்ந்தது. இந்த இடத்தில் திவோவைப் பாராட்டத்தான் வேண்டும். பயந்தவன் கயிற்றை இழுத்துப் பிடிப்பான். தாலிசாய்க்காரன் விடுவான்.

இனி என்ன செய்வது என்பதில் குழப்பமே இல்லை. முறிந்த பக்கம் காற்றைப் பார்த்திருக்க வேண்டும், நல்ல மூங்கில் காற்றின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். படகைத் திருப்பிக் காற்றை வலப்பக்கம் வாங்கினால் பிழைப்பு, இடப்பக்கம் வாங்கினால் மீனுக்குச் சாப்பாடு. அப்படித் திருப்பினால் முகப்பு புறப்பட்ட கரையைத்தான் பார்க்கும். ஆனால் இதற்குள் தாலிசாய் காற்று வரும் திசைக்குப் போய்விட்டது. ஒற்றை மூங்கில் படகு காற்றை எதிர்த்து ஏறாது. அது போய்ச்சேரக்கூடிய ஒரே இடத்தைத் திவோ தலையைத் திருப்பிப் பார்த்தான். கோபுரம் தெரிந்தது. அதிலிருந்து கடற்கரைவரை தோரணம் கட்டியிருந்தது. பாக்காவில் திருநாள். இந்த வருஷம் வயிற்றுவலிக்குப் பதிலாக அவன் கண்டுபிடித்ததே இந்தப் பயணம்தான்.

அவன் படகைத் திருப்பவில்லை. படகில் இரண்டு காலித் தண்ணீர்க் கேன்கள் இருந்தன. அவற்றை மூடி, முறிந்த மூங்கில் இருந்த இடத்தில் கைமரத்தோடு கட்டினான். இது ஒரு மணிநேரம் தாங்கும், குயிமாராஸுக்கே போய்விடலாம் என்றான். பாயை இழுத்தான். முதல் அலையில் ஒரு கேன் நழுவி மூங்கிலின் பின்னாலேயே கிளம்பிவிட்டது. படகு மறுபடி சாய்ந்தது. செப்பா மறுபடி புனிதர்களைக் கூப்பிட்டாள். இம்முறை பட்டியலில் புருஷனின் முன்னோர்களும் சேர்ந்திருந்தார்கள்.

பிறகு பாயை இறக்கிவிட்டுத் தாலிசாய் நோக்கித் துடுப்புப் போட்டான். அரைமணி நேரம் போட்டான். நிமிர்ந்து பார்த்தபோது நீரோட்டம் அவர்களைப் பாக்காவுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவந்திருந்தது.

செப்பா தண்ணீர் இறைத்துக்கொண்டே அவனைக் கவனித்தபடி இருந்தாள்.

"பாக்காவ் கரை அந்தா தெரியுது. அங்க விடு."

"அங்க பாறை அதிகம்."

"பாறையா? மகளுக்கு ஞானஸ்நானம் முடிஞ்சு அங்கதானே இறங்கிச் சாப்பிட்டோம். வெறும் மணலா இருந்துச்சே."

"அதுக்கப்புறம் வந்த பாறை."

செப்பா இறைக்கும் டப்பாவைக் கீழே வைத்தாள். "அந்தப் பக்கம் போனா சாவு, இந்தப் பக்கம் போனா சாப்பாடு. இதுக்குப் போய் உனக்கு என்ன இவ்வளவு யோசனை திவோ?"

அதற்குப் பதில் அவனிடம் இருந்தது. அதைச் சொல்வதைவிட மூழ்குவது கொஞ்சம் சுலபம் என்றும் தோன்றியது. ஆனால் செப்பாவுக்கு நீச்சல் தெரியாது. எஞ்சின் பணமும் அவளோடு போகும். பாயை ஏற்றினான். காற்றை வலப்பக்கம் வாங்கினான். செப்பாவை இடப்பக்கமே, நல்ல மூங்கிலை ஒட்டி இருக்கச் சொன்னான். அந்தப் படகு தன் வாழ்நாளில் அவ்வளவு அழகாக ஓடியதில்லை. திவோ போக விரும்பாத ஒரே இடத்துக்கு அது அம்பு போலப் போயிற்று.

கரையில் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. ஒற்றைச் செருப்போடு கோயிலுக்கு வருபவனைப் போல வருகிறான் என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கையில் கள்ளுக் கிண்ணத்தோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடிவந்தவன் புளோரோ. மூன்று வருஷமாக வராத பாரே வந்துவிட்டானே என்று அவனுக்கு மெய்யான சந்தோஷம். கட்டிப்பிடித்தான், கள்ளைப் புகட்டினான், செப்பாவைக் கைபிடித்து இறக்கினான். பிறகு தொழில் செய்யும் கை சும்மா இருக்குமா? கைமரத்தில் தொங்கிய மிச்ச மூங்கிலை எடுத்துப் பார்த்தான்.

முறிந்த நுனியிலிருந்து மாவு கொட்டியது. வண்டு அரைத்த மாவு, சல்லடையில் சலித்தது போல. புளோரோ நீலப் பெயிண்டை நகத்தால் கீறினான். உள்ளே பழைய மூங்கிலின் கறுப்பு தெரிந்தது. அவன் திவோவைப் பார்த்தான். திவோ தூரத்தில் கம்பியில் சுழன்றுகொண்டிருந்த பன்றியைப் பார்த்தான்.

புளோரோ மூங்கிலை விட்டுவிட்டு இருவரையும் பந்திக்கு அழைத்தான். மூங்கிலைப் பற்றி அப்போது கேட்க முடியாது. பாக்காவில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளியின் தட்டு நிமிர்ந்திருக்கும்வரை அவனிடம் கொடுக்கல் வாங்கல் பேசக் கூடாது. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கவிழ்த்த பிறகுதான் கடன், நிலம், பெண் எல்லாம். அந்த வழக்கம் திவோவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பந்தியில் உட்கார்ந்ததும் தட்டை நிரப்பினான். பன்றித்தோல், புளிக்காடியில் ஊறிய பச்சைமீன், பிட்டு, மறுபடி பன்றி. பொழுது சாயும்வரை சாப்பிட்டு, வேறு யார் படகிலாவது தொற்றிக்கொண்டு ஊர்போய்ச் சேர்ந்துவிடுவது அவன் திட்டம். வயிற்றில் இடமிருக்கும்வரை அவன் மானத்துக்கும் இடமிருந்தது.

எதிரே செல்மோ என்பவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்து ஊர்க்காரன், மூன்று படகுக்குச் சொந்தக்காரன். நாலாவது படகைப் பெரிதாகக் கட்டப் புளோரோவிடம் சொல்லியிருந்தான். முன்பணம் கொடுக்கத்தான் திருநாளுக்கு வந்திருந்தான். நடுக்கடலில் என்ன ஆயிற்று என்று அவன் செப்பாவைக் கேட்டான்.

செப்பா சொன்னாள். கேன் போனது, பாறை முளைத்தது எல்லாவற்றையும் சொன்னாள். பந்தி சிரித்தது. முடிவில் அவள் புளோரோ பக்கம் திரும்பினாள்.

"பாரே, சும்மா குடுத்ததைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனாலும் ஞானமகளோட அப்பனுக்குக் குடுக்கற மூங்கிலை, நீங்க நிலா இல்லாத நாளாப் பாத்து வெட்டியிருக்கலாம். இன்னிக்கு நான் கொஞ்சம் இளைச்சிருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம்."

பந்தி அடங்கியது. படகு கட்டுபவனைப் பார்த்து நீ நிலவில் மூங்கில் வெட்டுகிறவன் என்று சொல்வது, சாமியாரைப் பார்த்து உன் தீர்த்தம் சாக்கடைத் தண்ணீர் என்று சொல்வதைப் போன்றது. புளோரோவின் காது சிவந்தது. அவன் திவோவின் தட்டைப் பார்த்தான். தட்டு நிமிர்ந்திருந்தது, நிறைந்தும் இருந்தது.

"ஆமா மாரே," என்றான் புளோரோ. "என் தப்புதான். அந்த வருஷம் ஏதோ அவசரத்துல வெட்டிட்டேன்."

செல்மோ கரண்டியைக் கீழே வைத்தான். சட்டைப் பையில் புடைத்துக்கொண்டிருந்த உறையை உள்ளே தள்ளினான். முன்பணத்தை மழைக்காலம் கழித்துப் பார்க்கலாம், இப்போது ஒன்றும் அவசரமில்லை என்று தண்ணீரைக் குடித்தபடி சொன்னான். புளோரோ தலையை ஆட்டி, அவன் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் கள்ளை ஊற்றினான்.

திவோவின் வாயில் பன்றித்தோல் இருந்தது. அது அந்தத் திருநாளின் நல்ல துண்டு, காது ஓரத்துத் துண்டு. மென்றான், இறங்கவில்லை. தள்ளினான், இறங்கவில்லை. கப்பல் மோத வந்தாலும் சாப்பாட்டை விடாதவன் என்று பேர் வாங்கியவன், கறி மிச்சமிருக்க, சோறு மிச்சமிருக்க, தட்டைத் தூக்கிக் கவிழ்த்தான். சாறு மேஜையெங்கும் ஓடியது.

"அது பாரே மூங்கில் இல்லை."

செப்பா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "பின்ன?"

"நம்ம பழைய மூங்கில். நீலம் அடிச்சது நான்."

"அப்ப பாரே குடுத்த மூங்கில் எங்க?"

"பாரே மூங்கில் குடுக்கலை. மூங்கில் வாங்கச் சொல்லிப் பணம் குடுத்தான். மூவாயிரம்."

"அந்தப் பணம் எங்க?"

திவோ மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஜெனரல். வாங்கினது ஆயிரம், அதுமேல கட்டினது ரெண்டாயிரம்."

செப்பாவுக்கு ஜெனரலைத் தெரியும். அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் அது கொல்லையில் கட்டியிருந்தது. ஊர்த்தலைவருடையது, நாலு நாள் பார்த்துக்கொள்ளக் கொடுத்திருக்கிறார் என்று திவோ சொன்னதை நம்பி, தன் கையால் சோளம் போட்டிருக்கிறாள்.

"அந்த நொண்டிச் சேவலா?"

"நொண்டி இல்லை," என்றான் திவோ, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல். "ஒரு காலைக் கொஞ்சம் யோசிச்சு வைக்கும்."

முதலில் சிரித்தவன் செல்மோ. பிறகு பந்தி முழுவதும் சிரித்தது. பன்றியைச் சுழற்றிக்கொண்டிருந்தவன் சிரித்த சிரிப்பில் ஒரு பக்கம் கருகியது. செல்மோ கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டு, உறையை வெளியே இழுத்துப் புளோரோவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். தன் படகு மூங்கிலுக்கு மட்டும் நீலம் வேண்டாம் என்றான்.

சிரிக்காதவள் செப்பா ஒருத்திதான். அவள் தன் தட்டையும் கவிழ்த்தாள். ரவிக்கைக்குள் கைவிட்டுக் கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். திவோ அவள் விரல்களைப் பார்த்தான். எஞ்சினின் சத்தம் அவன் காதில் ஒருமுறை கேட்டு, இருமி, நின்றுபோனது.

புளோரோ எழுந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். இப்போது என்ன அவசரம், திருநாள் கழியட்டும், பாரேக்கு முதுகு வலி, எஞ்சினை வாங்கிக்கொள்ளட்டும் என்றெல்லாம் சொன்னான்.

"முதுகு வலிக்கட்டும். வலிச்சாத்தான் ஞாபகம் இருக்கும்," என்றாள் செப்பா. "மிச்சம் ஐந்நூறு இருக்கு. அதை முன்பணமா வச்சுக்கிட்டு ரெண்டு மூங்கில் வெட்டிக் குடுங்க. நிலா இல்லாத நாளா நானே வந்து நின்னு பாத்துக்கறேன். கையை நீட்டுங்க பாரே."

புளோரோ திவோவைப் பார்த்தான். திவோ தலையசைத்தான். பந்தி சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தது. பாக்காவில் கடன் திரும்பி வருவதை நேரில் பார்த்தவர்கள் குறைவு. புளோரோ கையை நீட்டி விரித்தான். உளியும் கோடரியும் பிடித்துக் காய்த்த அகலமான கை.

கருவாட்டு வாசம் வீசும் நோட்டுகளை ஒவ்வொன்றாக நீவி, அந்தக் கையில் வைத்து எண்ணினாள் செப்பா. முதல் ஆயிரத்தை வைத்துவிட்டு, இது சேவல் வாங்கினது என்றாள். இரண்டாவது ஆயிரத்துக்கு, இது சேவல்மேல் கட்டினது என்றாள். மூன்றாவதும் அதே கணக்குதான். புருஷனைத் திரும்பிப் பார்த்துவிட்டு எண்ணிக்கொண்டே போனாள். கடைசி நோட்டின் ஒரு முனை புளோரோவின் உள்ளங்கையில் பட்டது. மறுமுனையை அவள் விரல்கள் விடவில்லை. அந்த நோட்டு ஒரு பன்றியின் காது, இரண்டு கூடைக் கருவாடு. புளோரோ பொறுமையாகக் காத்து நின்றான். திவோ கையை நீட்டி அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட, நோட்டு மற்றவற்றின் மேல் போய் விழுந்தது.